மண்புழுவும் மரக்கன்றும்

செட்டிநாட்டு வீடுகளைக் காண வருகிறவர்கள் முதலில் நிமிர்ந்து பார்ப்பது அங்குள்ள தேக்குத் தூண்களைத்தான். அவை பர்மாக் காடுகளில் வளர்ந்து, கப்பலேறி வந்த மரங்கள். 1942-ம் வருஷம் ஜப்பானியப் படை பர்மாவுக்குள் புகுந்தபோது அந்நாட்டோடு நம்மவர் நடத்திய வாணிபம் முறிந்தது. பலர் வெறுங்கையோடு ஊர் திரும்பினார்கள். தூண்கள் மட்டும் இன்றும் அசையாமல் நிற்கின்றன. ஆனால், அதே வீட்டை விட்டு வெளியே வந்து, காரைக்குடி, அமராவதிபுதூர்ப் பக்கத்துச் சாலைகளில் சித்திரை வெயிலில் நடந்து பாருங்கள். பல இடங்களில் கண்ணில் படுவது சீமைக் கருவேலும் தைல மரமுந்தான். வீட்டுக்குள் அத்தனை மரம் இருந்தும், வெளியே நின்று இளைப்பாற ஒரு நல்ல நிழல் கிடைப்பது அரிதாயிருக்கிறது.

மரம் நட வேண்டும் என்பதில் இரண்டு அபிப்பிராயம் இல்லை. 1950-ல் ஸ்ரீ கே. எம். முன்ஷி மத்திய மந்திரியாயிருந்தபோது வன மகோத்சவத்தைத் தொடங்கி வைத்தார். 2022-ல் தமிழ்நாட்டு அரசாங்கம் பசுமைத் தமிழ்நாடு இயக்கத்தை ஆரம்பித்து, மாநிலத்தின் பசுமைப் பரப்பை நூற்றுக்கு 33 பங்காக உயர்த்துவதை லட்சியமாக வைத்தது. ஐப்பசி பிறந்தால் பள்ளிக்கூடந்தோறும், ஊருணிக் கரைதோறும் கன்றுகள் நடுகிறோம். நட்டவை எத்தனை என்று பதிவேட்டில் எழுதுகிறோம். ஆனால் அடுத்த ஐப்பசியில் உயிரோடிருப்பவை எத்தனை என்று எண்ணி எழுதும் வழக்கம் நம்மிடம் அபூர்வம்.

கன்று பட்டுப்போனால் வானத்தின்மீது பழி போடுகிறோம். அல்லது ஆட்டின்மீது போடுகிறோம். இரண்டுக்கும் இதில் பங்கு உண்டு. என்றாலும், கன்றின் கதி குழியில் இறங்குவதற்கு முன்னமே, அது பிறந்து வளர்ந்த பைக்குள்ளேயே பெரும்பாலும் தீர்மானமாகிவிடுகிறது. பையிலிருக்கும் கைப்பிடி மண் உயிரற்றதாயிருந்தால், வேர் நோஞ்சானாகத்தான் இருக்கும். அந்த வேரை வைத்துக்கொண்டு கன்று பங்குனி வெயிலைத் தாங்குவது எப்படி?

இந்த வட்டாரத்து மண்ணின் குணத்தைச் சற்றுப் பார்ப்போம். இது செம்மண், பல இடங்களில் சற்றுத் தோண்டினாலே செம்புறைக்கல் தட்டும். மழை நீர் நிற்காமல் இறங்கிவிடும். வெயில் பட்டால் மேல்மண் ஓடுபோல் இறுகிவிடும். இலை தழை மக்கிய சத்து இதில் மிகக் குறைவு. போதாக்குறைக்கு, மண்ணைச் சிவப்பாக்கும் இரும்புச் சத்து, செடிக்கு வேண்டிய மணிச்சத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு எளிதில் விடுவதில்லை. இந்த மண்ணை மட்டும் பையில் நிரப்பினால், நாலு நாள் தண்ணீர் ஊற்றியதும் அது கட்டியாகிவிடும். வேர் உள்ளே பரவ வழியின்றித் திணறும்.

இங்கேதான் மண்புழு நமக்கு உதவிக்கு வருகிறது. அதற்குப் பல் இல்லை. மக்கிய இலையையும் சாணத்தையும் விழுங்கி, வயிற்றிலுள்ள அரைவைப் பையில் மணலோடு சேர்த்து அரைக்கிறது. குடலில் கோடானுகோடி நுண்ணுயிர்கள் அந்த அரைத்த மாவைப் பக்குவப்படுத்துகின்றன. வெளியே வரும் கழிவு, தேயிலைத்தூள் போன்ற சிறு குருணைகளாக இருக்கிறது. குருணைக்குள் ஈரம் தங்கும். குருணைகளின் இடையே காற்றும் வேரும் புகும். தழைச்சத்தும் மணிச்சத்தும் செடி எளிதில் எடுத்துக்கொள்ளும் உருவில் அதில் அமைந்திருக்கின்றன.

இதை உலகத்துக்கு எடுத்துக் காட்டியவர் சார்லஸ் டார்வின். 1881-ல், மறைவதற்கு முந்திய வருஷம், மண்புழுக்களைப் பற்றியே ஒரு தனிப் புத்தகம் எழுதினார். இங்கிலாந்தில் பல இடங்களில் ஓர் ஏக்கருக்கு வருஷத்தில் பத்து டன்னுக்கு மேற்பட்ட மண் புழுக்களின் உடல் வழியாகச் சென்று மேலே வருகிறது என்று கணக்கிட்டார். நம் தேசத்தில் ஸர் ஆல்பர்ட் ஹோவர்டு 1924 முதல் 1931 வரையில் இந்தூரில் இருந்து, சாணத்தையும் பயிர்க் கழிவையும் கொண்டு எருவாக்கும் முறையை வகுத்தார். இந்தியக் குடியானவர்களிடம் தாம் கற்றது அதிகம் என்று அவர் ஒப்புக்கொண்டது நாம் பெருமைப்படத்தக்க விஷயம். 1947 டிசம்பரில், மீராபென்னின் முயற்சியால், டில்லியில் அகில இந்தியக் கலப்பெரு மகாநாடு கூடியது. தேசமெங்கும் கலவரத் தீ எரிந்துகொண்டிருந்த அந்த நாட்களிலும் மகாத்மா காந்தி குப்பை எருவைப் பற்றி எழுத நேரம் ஒதுக்கினார்.

பிற்காலத்தில் சென்னைப் புதுக் கல்லூரிப் பேராசிரியர் டாக்டர் சுல்தான் அகமது இஸ்மாயில் நம் மண்ணின் புழுக்களைப் பல வருஷம் ஆராய்ந்து, உள்ளூர்ப் புழுக்களைக் கொண்டே உரம் தயாரிக்கலாம் என்று விவசாயிகளுக்குக் கற்பித்தார். புழுக்களிலும் ஜாதி உண்டு. குப்பையிலும் சாணத்திலும் மேலாக வாழ்பவை ஒரு வகை. மண்ணுக்குள் வளை தோண்டி வாழ்பவை வேறொரு வகை. உரம் செய்ய ஏற்றவை முதல் வகை. ஆப்பிரிக்கப் புழு என்று விற்கப்படுவதும் இவ்வகையைச் சேர்ந்ததே. இவற்றை வாங்கி வந்து காய்ந்த செம்மண்ணில் கொட்டினால் பிழைக்கமாட்டா. வளை தோண்டும் புழு நமது வயல்களில் முன்பே இருக்கிறது. நிலத்தின்மேல் இலை மூடாக்குப் போட்டு ஈரம் காத்தால் அது தானே பெருகும்.

இனி, செய்யும் முறை. மாசி, பங்குனியில் வேம்பும் புங்கும் இலை உதிர்க்கின்றன. முற்றத்திலும் தெருவிலும் சேரும் அந்தச் சருகைக் கூட்டித் தீ வைப்பதே பல வீடுகளில் வழக்கம். அதை எரிக்காமல், சாணக் கரைசல் தெளித்து நிழலில் குவித்து, இருபது நாள் அரைகுறையாக மக்க விட வேண்டும். பச்சைச் சாணமும் பசுந்தழையும் மக்கும்போது சூடு எழும்பும். அந்தச் சூட்டில் புழுக்கள் மாண்டுவிடும். ஆகையால் சூடு தணிந்த பிறகே புழுவை விட வேண்டும்.

தொட்டி மூன்றடி அகலமும் ஒன்றரை அடி உயரமும் இருந்தால் போதும். நீளம் இடத்துக்குத் தக்கபடி. மேலே கீற்றுக் கொட்டகை அவசியம். அடியில் செங்கல் ஜல்லியும் மணலும் மூன்று அங்குலம் பரப்பினால் அதிக நீர் வடிந்துவிடும். அதன்மேல் மக்கிய கலவையை நிரப்பி, ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ ஒரு கிலோ, அதாவது சுமார் ஆயிரம் புழுக்கள் விடலாம். மேலே ஈரச் சாக்குப் போட்டு மூட வேண்டும். ஈரம் சரியா என்று அறிய ஒரு பிடி எடுத்துப் பிழிந்து பாருங்கள்: உருண்டை நிற்க வேண்டும், தண்ணீர் சொட்டக் கூடாது. எறும்பு ஏறாமலிருக்கச் சுற்றிலும் சிறு நீர்க்கால் விடலாம். கோழியையும் எலியையும் அண்ட விடலாகாது. உப்பு, மிளகாய், எலுமிச்சைத் தோல், சாம்பல் இவை தொட்டிக்கு ஆகா.

நாற்பத்தைந்து முதல் அறுபது நாளில் மேல்பாகம் கருநிறக் குருணையாகிவிடும். நீர் தெளிப்பதை மூன்று நாள் நிறுத்தினால் புழுக்கள் ஈரம் தேடிக் கீழே போகும். மேலுள்ளதை அள்ளிச் சலித்து நிழலில் உலர்த்த வேண்டும். வெயிலில் காய வைத்தால் நுண்ணுயிர்கள் அழிந்து, பாதிப் பயன் போய்விடும். மாசியில் தொடங்கினவருக்கு வைகாசியில் உரம் கையில் இருக்கும். அச்சமயத்தில்தான் வேப்பம்பழம் உதிர ஆரம்பிக்கிறது. வேப்ப விதைக்கு முளைப்புத் திறன் சில வாரங்களே. அதை உடனே விதைத்தாக வேண்டும். உரமும் விதையும் ஒரே வேளையில் கூடிவருவது இயற்கை நமக்குச் செய்யும் சலுகை அன்றோ!

அளவு விஷயத்தில் எச்சரிக்கை வேண்டும். நல்லதென்று கேட்டவுடன் பை முழுதும் அதையே நிரப்பிவிடுவோர் உண்டு. அமெரிக்காவில் ஓஹையோ சர்வகலாசாலையில் நடந்த ஆராய்ச்சிகளில், தொட்டிக் கலவையில் நூற்றுக்குப் பத்து முதல் இருபது பங்கு மண்புழு உரம் சேர்த்தபோதே நாற்றுகள் நன்கு வளர்ந்தன. பாதிக்கு மேல் சேர்த்ததால் அதிக லாபம் இல்லை, சில செடிகள் குன்றவும் செய்தன. நம் நாற்றங்கால்களில் செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, தொழு எரு ஒரு பங்கு என்பது நெடுநாளைய வழக்கம். எருவில் பாதியைக் குறைத்து, அந்த அரைப் பங்குக்கு மண்புழு உரம் சேர்த்தால் எட்டில் ஒரு பாகம் ஆகிறது. அதுவே போதுமானது. ஒரு சிறு தொட்டியின் உரம் பல நூறு பைகளுக்கு வரும்.

மண்புழு உரத்தால் ஆகாத காரியங்களும் உண்டு. செம்புறைக்கல்லை அது கரைக்காது. இரண்டடி ஆழமும் அகலமுமாகக் குழி வெட்டுவது நம் கடப்பாரையின் வேலை. பையிலேயே அதிக நாள் வைத்துவிட்டால் வேர் சுருண்டுகொள்ளும். அதையும் உரம் திருத்தாது. நட்ட பின் முதல் இரண்டு கோடையிலும் தண்ணீர் ஊற்ற ஆள் வேண்டும், வேலி வேண்டும். நல்ல வேரோடு போன கன்றுக்கு இந்த உபசாரமெல்லாம் பலிக்கும். நோஞ்சான் கன்றுக்குச் செய்தால், செலவும் சிரமமும் வீண்.

செம்மண் பூமியில் மரம் வளராது என்று கை விரிப்பவர்களுக்கு அண்டை மாவட்டமே பதில் சொல்கிறது. புதுக்கோட்டைச் சீமை சேந்தன்குடியில் 'மரம் தங்கசாமி' என்று ஜனங்கள் அழைத்த விவசாயி, பயிர் செய்து கடன்பட்ட பின் மரம் வளர்ப்பில் இறங்கி, தம் நிலத்தையே சோலையாக்கினார். 2018-ல் அவர் காலமானார். அவர் வைத்த மரங்கள் அவருடைய உழைப்புக்குச் சாட்சி. நமது சீமையிலும் உதவி தூரத்தில் இல்லை. குன்றக்குடியில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. செட்டிநாட்டிலேயே வறண்ட நில வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. கேட்கப் போகிறவர்கள் வேண்டும், அவ்வளவே.

பிள்ளைகளின் கையில் கன்றைக் கொடுத்து நடச் சொல்கிறோம். தான் நட்டது ஆறே மாதத்தில் கருகி நிற்பதைப் பார்க்கும் பிள்ளை, மரம் நடுவது புகைப்படம் பிடிப்பதற்காகத்தான் என்று எண்ணிக்கொண்டால் குற்றம் யாருடையது? அமராவதிபுதூர் போன்ற ஊர்களில் பள்ளிக்கு ஒரு தொட்டி, தெருவுக்கு ஒரு தொட்டி வைப்பது பெரிய பணச் செலவு பிடிக்கும் காரியமன்று. சருகு இருக்கிறது, சாணம் இருக்கிறது. புழுவை ஒரு தடவை வாங்கினால் பிறகு அது தானே பெருகும். வருகிற மாசியில் சருகுக் குவியலுக்கு நெருப்பு வைக்கக் கை நீளும்போது வாசகர்கள் ஒரு கணம் நிதானிக்கட்டும். நடுகை விழாப் பதிவேட்டில், நட்ட கன்றுகளின் எண்ணிக்கைக்குப் பக்கத்தில், மறு வருஷம் பிழைத்திருப்பவற்றின் எண்ணிக்கைக்கும் ஒரு பத்தி கோடு போட்டு வைக்கட்டும்.