ஏ.சி. வாங்கப் போறீங்களா? டன் கணக்கு தெரிஞ்சுக்கோங்க!

குழுக் கடனில் அழகு நிலையம், தையல் கடை வைப்பவர்கள் சிலர் ஏ.சி.யும் போடுகிறார்கள். கடைக்காரர் "ஒன்றரை டன் எடுத்துக்கோங்கம்மா" என்றதும் தலையாட்டிவிடாதீங்க.

டன் என்பது ஏ.சி.யின் எடை இல்லை. சுமார் 900 கிலோ ஐஸ் 24 மணி நேரத்தில் உருக எவ்வளவு வெப்பம் வேண்டுமோ, அதே வேகத்தில் அறையின் வெப்பத்தை வெளியேற்றும் திறன்தான் 1 டன். லேபிளில் இது சுமார் 3,500 வாட் என்றிருக்கும். இது குளிரூட்டும் திறன். கரண்ட் செலவு இதைவிடக் குறைவு.

எவ்வளவு தேவை?

10 அடிக்கு 12 அடி அறை என்றால் 120 சதுர அடி. பொதுவாக 1 டன் போதும். 180 சதுர அடிக்கு ஒன்றரை டன். மொட்டை மாடிக்குக் கீழே உள்ள அறை, மேற்கு வெயில், ஆள் கூட்டம், அயர்ன் பாக்ஸ், ஹேர் டிரையர் இருந்தால் கூடுதலாக வேண்டும்.

திறன் குறைந்தால் மிஷின் ஓயாமல் ஓடி பில் ஏறும். அதிகமானால் சீக்கிரமே குளிர்ந்து அடிக்கடி நிற்கும். புழுக்கம் போகாது, கடன்தான் கூடும்.

டன் குளிர்ச்சிக்கு, நட்சத்திரம் மின் சிக்கனத்துக்கு. முதலில் அறையை அளந்து நோட்டில் எழுதுங்க. பிறகு கடன் கேளுங்க!