காணி வாங்காமல் வாடகையில் பங்கு

வியாபாரத்தில் மிஞ்சும் பணத்தைக் காணியிலும் கட்டடத்திலும் போட்டு வைப்பது எமது வர்த்தகர்களின் நெடுநாள் வழக்கம். வாடகை ஹலாலான வருமானம், சொத்தும் கையில் இருக்கிறது என்ற ஆறுதல் அதில் உண்டு. ஆனால் ஒரு கடைத்தொகுதியை வாங்கப் பல கோடி ரூபா வேண்டும். வாங்கிய பின்னர் உறுதிச் சிக்கல், வாடகை தராதவர், ஒழுகும் கூரை என்று தலையிடி வேறு. இவையின்றிச் சிறு தொகையோடு கட்டட வருமானத்தில் பங்கு பெற இன்று இரு வழிகள் பேசப்படுகின்றன. இரண்டும் ஒன்றுபோலத் தோன்றினாலும் ஒன்றல்ல.

முதலாவது, 'ரீட்' எனப்படும் காணி, கட்டட முதலீட்டு நம்பிக்கைப் பொறுப்பு. 1960 இல் அமெரிக்கச் சட்டமொன்றினால் உருவானது. பலருடைய பணத்தில் கட்டடங்களை வாங்கி, வாடகையை அலகுதாரர்களுக்குப் பகிர்வார்கள். வரிக்குரிய வருமானத்தில் 90 வீதத்தையாவது பகிர வேண்டும் என்பது இன்று அங்குள்ள விதி. அலகுகள் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டிருந்தால் பணம் தேவைப்படும்போது விற்கலாம். ஆனால் வாங்கிய விலை கிடைக்கும் என்று யாரும் உறுதி தர முடியாது. 2020 இல் கொவிட் பரவி கடைகள் மூடப்பட்டபோது கடைத்தொகுதிகளை வைத்திருந்த ரீட்டுகளின் விலை கடுமையாக விழுந்தது.

வாடகை ஆகுமானது என்பதால் எல்லா ரீட்டும் ஆகுமாகிவிடுமா? இல்லை. கட்டடத்தில் யார் இருக்கிறார், அதை வாங்க வட்டிக் கடன் எடுத்தார்களா என்பதையும் பார்க்க வேண்டும். மலேசியா 2005 இல் இதற்கென்றே வழிகாட்டல் ஒன்றை வெளியிட்டது. ஆகாத தொழில்களிலிருந்து வரும் வாடகை மொத்த வருமானத்தில் 20 வீதத்தைத் தாண்டக் கூடாது. முற்றிலும் ஆகாத தொழில் செய்பவரைப் புதிதாகச் சேர்க்கக் கூடாது. காப்புறுதிக்கு தகாபுல்லை நாட வேண்டும் என்றெல்லாம் அதில் விதித்தார்கள். சுப்பர் மார்க்கட்டில் ஒரு மூலையில் மதுபானம் விற்றால், அந்த மூலையின் பரப்பளவைக் கொண்டு கணக்குப் பார்க்கும் முறையும் உண்டு. 2006 ஆகஸ்டில் அங்கு பட்டியலிடப்பட்ட 'அல்-அகார்' வைத்தியசாலைக் கட்டடங்களை வாடகைக்கு விடுகிறது. உலகில் முதன்முதலாகப் பட்டியலிடப்பட்ட இஸ்லாமிய ரீட் அதுவே.

பெயரை மட்டும் நம்புவதும் போதாது. சிங்கப்பூரின் 'சபானா' 2010 இல் ஷரீஆ ரீட்டாகவே ஆரம்பித்தது. 2021 இல் அந்தத் தகுதியைத் தானே கைவிட்டது. ஆண்டறிக்கையை வருடாவருடம் பார்ப்பவருக்கே இது தெரியவரும்.

இரண்டாவது வழி 'கிரவுட் ஃபண்டிங்'. இணையத்தளத்தில் ஒரு கட்டடத்தைக் காட்டிப் பலரிடம் பணம் திரட்டுவது. அமெரிக்காவில் 2012 இன் சட்டமொன்றுக்குப் பின் இது பெருகியது. இதில் பணம் பெரும்பாலும் பல ஆண்டுகள் முடங்கிக் கிடக்கும். விற்கச் சந்தை இல்லை. அதைவிடப் பெரிய கேள்வி, பணம் யாருடைய கணக்குக்குப் போகிறது என்பதுதான். 2022 இல் 'கிரவுட் ஸ்ட்ரீட்' தளத்தின் ஊடாக, அட்லாண்டாவிலும் மயாமி பீச்சிலும் கட்டடங்களில் முதலிடுவதாகச் சொல்லி 'நைட்டிங்கேல்' என்ற கம்பனி 800 பேருக்கு மேற்பட்டோரிடம் 6 கோடி டொலருக்கும் அதிகமாகத் திரட்டியது. பணம் நேராக அக்கம்பனியின் கைக்கே போனது. நடுவில் பொறுப்பாளர் எவரும் இல்லை. பணத்தின் பெரும் பகுதி சொன்ன வேலைக்குப் போகவில்லை. அதன் தலைவர் 2025 இல் நீதிமன்றத்தில் மோசடியை ஒப்புக்கொண்டார். மலேசிய ரீட்டில் சொத்துகள் முகாமைக் கம்பனியிடம் இல்லாமல், தனியான நம்பிக்கைப் பொறுப்பாளரிடம் இருக்கும். வித்தியாசம் அங்கேதான்.

இலங்கையில் ரீட்டுக்கான விதிகளைப் பிணையங்கள் மற்றும் பரிவர்த்தனை ஆணைக்குழு 2020 இல் கொண்டு வந்தது. வெளிநாட்டு ரீட்டில் முதலிட எண்ணுவோர் 2017 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்க அந்நியச் செலாவணிச் சட்டத்தின் கீழ் எவ்வளவு பணம், எந்தக் கணக்கினூடாக அனுப்பலாம் என்பதை முதலில் தமது வங்கியில் கேட்டுக்கொள்ள வேண்டும்.