'பாம்' வைக்கும் பார்ட் நம்பர்!

வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே யாராவது உங்ககிட்ட வந்து 'பாம் ரெடியா?'ன்னு கேட்டா, பதறி ஜன்னல் வழியா குதிச்சுடாதீங்க. அவங்க கேட்கறது 'பில் ஆஃப் மெட்டீரியல்ஸ்'. ஒரு பொருளைச் செய்ய என்னென்ன பார்ட், எத்தனை வேணும்கிற பட்டியல். கல்யாண வீட்டுக்கு மளிகை லிஸ்ட் போடறோமே, கிட்டத்தட்ட அதேதான்.

ஒரே ஒரு வித்தியாசம். சமையல்காரர் எழுதின லிஸ்ட்டைத்தான் கடைக்கும் எடுத்துட்டுப் போவாங்க. ஹார்டுவேர் கம்பெனியில லிஸ்ட் ரெண்டு! டிசைன் டீம் வரையுற சாஃப்ட்வேர்ல ஒண்ணு, பர்ச்சேஸ் டிபார்ட்மென்ட் ஆர்டர் போடற ஈ.ஆர்.பி. சாஃப்ட்வேர்ல இன்னொண்ணு. இந்த ரெண்டும் மாமியார்-மருமகள் மாதிரி பேசாம இருந்தா, காசு கரியாகும்.

எப்படின்னு கேட்கறீங்களா? ட்ரோனை எடுத்துக்குவோம். பறக்கறதைக் கட்டுப்படுத்தற போர்டுகள்ல நிறைய பேர் பயன்படுத்தின ஒரு சிப், 'எஸ்டிஎம்32எஃப்405ஆர்ஜிடி6'. பேரைப் பார்த்தா செல்போன் ரீசார்ஜ் கூப்பன் மாதிரி இருக்கா? ஆனா, ஒவ்வொரு எழுத்துக்கும் அர்த்தம் உண்டு. 'ஆர்'னா 64 கால். 'ஜி'ன்னா 1 எம்.பி. மெமரி. கடைசி '6'னா மைனஸ் 40லேருந்து 85 டிகிரி செல்சியஸ் வரைக்கும் தாங்கும். அந்த 6 இருக்கற இடத்துல 7 வந்தா 105 டிகிரி வரை தாங்கும். அதே போர்டுல சமத்தா உட்காரும். கடைசியில 'டிஆர்'னு ஒட்டியிருந்தா சிப் அதேதான், ரீல்ல சுத்தி வரும், அவ்வளவுதான். ஆனா, 'ஆர்' இருக்கற இடத்துல 'வி' வந்துச்சுன்னா போச்சு. அது 100 கால் சிப். 64 காலுக்குப் போட்ட போர்டுல தலைகீழா நின்னாலும் உட்காராது!

பர்ச்சேஸ்ல இருக்கறவருக்கு இது எப்படித் தெரியும்? ஒரு எழுத்து மாறினா சரி, இன்னொரு எழுத்து மாறினா குப்பைங்கறது டிசைன் பண்ணினவர் மண்டையில மட்டும்தானே இருக்கு. 'இதுக்குப் பதில் இது ஓ.கே.'ங்கற பட்டியலும் பார்ட் நம்பரோட சேர்ந்தே ஈ.ஆர்.பி.க்குப் போய்ச் சேரணும்.

நடுவுல பாலமா நிறைய இடத்துல இருக்கறது யார் தெரியுமா? நம்ம எக்ஸெல். நல்ல புள்ளதான், ஆனா அதிகப்பிரசங்கி. 0603னு ஒரு கெப்பாசிட்டர் சைஸ் உண்டு. எக்ஸெல் அதை நம்பர்னு நினைச்சு, முன்னாடி இருக்கற சைபரைக் கழட்டி 603 ஆக்கிடும். (மனித ஜீன்களோட பேரை எல்லாம் தேதியா மாத்தி அது பண்ணின ரகளை தாங்காம, 2020ல விஞ்ஞானிகள் ஜீன் பேரையே மாத்தினாங்க!) சைபர் தப்பிச்சாலும் இன்னொரு கண்ணி இருக்கு. இன்ச் கணக்குல 0603னா 1.6க்கு 0.8 மில்லிமீட்டர். மெட்ரிக் கணக்குல அதே 0603னா 0.6க்கு 0.3. கடுகுக்கும் ரவைக்கும் உள்ள வித்தியாசம். எந்தக் கணக்குன்னு எழுதாத லிஸ்ட், லிஸ்ட்டே இல்லை.

'ரெண்டு சாஃப்ட்வேரையும் ஒயர் போட்டு இணைச்சுட்டா முடிஞ்சுது'ன்னு நினைப்பீங்க. அங்கதான் பெரிய ஆபத்தே. ஒரு பிராக்கெட்ல எம்5 ஓட்டையை எம்6 ஆக்கறீங்கன்னு வெச்சுக்குங்க. ரிவிஷன் 'ஏ', 'பி' ஆகுது. நீங்க சேவ் பண்ணின அடுத்த நிமிஷமே அது பர்ச்சேஸுக்குப் போனா? மத்தியானம் மனசு மாறி நீங்க திரும்ப எம்5க்கு வர்றதுக்குள்ள அவர் ஆர்டரே போட்டிருப்பார்! அதனால பாதி வரைஞ்சது போகக்கூடாது. சேஞ்ச் ஆர்டர்ல கையெழுத்தாகி, 'ரிலீஸ்' ஆனது மட்டும்தான் போகணும். கூடவே ரெண்டு கேள்விக்கும் பதில் போகணும்: ஸ்டோர்ஸ்ல கிடக்கற பழைய 'ஏ' பிராக்கெட்டைத் தீர்த்துட்டு மாறலாமா, தூக்கிப் போடணுமா? வழியில வந்துக்கிட்டிருக்கற ஆர்டரை என்ன பண்றது?

இன்னொரு கூத்து, த்ரீ-டி மாடல்ல வரையாத சமாச்சாரங்கள். போல்ட்டை வரைவீங்க. அதுல தடவற லாக்டைட் பசையை வரைவீங்களா? பெயின்ட், ஸ்டிக்கர், அட்டைப் பெட்டி? எதுவுமே டிசைன் லிஸ்ட்ல இருக்காது. ஆனா, ஒரு பாட்டில் பசை இல்லைன்னா மொத்த லைனும் நிக்கும். போல்ட்லயும் வில்லங்கம் உண்டு. நீங்க 100னு எழுதறது 100 போல்ட், ஈ.ஆர்.பி.யில யூனிட் 'பாக்ஸ்'னு இருந்தா வர்றது 100 பாக்ஸ்!

என்னைக் கேட்டா, சிங்க்ங்கறதுல பாதிதான் சாஃப்ட்வேர். மீதிப் பாதி, எந்தக் காலம் யாரோட சொத்துன்னு பேசி முடிக்கறது. பார்ட் நம்பர், ரிவிஷன், எண்ணிக்கை எல்லாம் டிசைனோட சொத்து. பர்ச்சேஸ் பார்க்கலாம், தொடக்கூடாது. விலை, சப்ளையர், டெலிவரிக்கு எத்தனை வாரம் எல்லாம் பர்ச்சேஸோட சொத்து. டிசைன் பார்க்கலாம், தொடக்கூடாது.

'பார்க்கலாம்'கறது சும்மா இல்லை பாஸ். 2021 சிப் பஞ்சம் ஞாபகம் இருக்கா? மாருதி சுஸுகி, தன் ஹரியானா, குஜராத் உற்பத்தி அந்த செப்டம்பர்ல வழக்கமானதுல 40 சதவிகிதம் அளவுக்குத்தான் இருக்கும்னு அறிவிச்சுது. அந்த மாதிரி நேரத்துல 'இந்த சிப் வர ஒரு வருஷம்'ங்கற தகவல், டிசைனர் சிப்பைத் தேர்ந்தெடுக்கற அன்னிக்கே ஸ்கிரீன்ல தெரியணும். போர்டு அடிச்ச பிறகு தெரிஞ்சா, அழறதுக்கு மட்டும்தான் டைம் இருக்கும்.

இதெல்லாம் சிலபஸ்ல எங்கே இருக்குன்னு தேடாதீங்க. ஹாஸ்டல் ரூம்லயே பார்த்துடலாம். போர்டு வரைய கிகேட், ஆர்டர் போட நம்ம இந்தியத் தயாரிப்பான ஈ.ஆர்.பி.நெக்ஸ்ட், ரெண்டுமே ஓப்பன் சோர்ஸ். உங்க மினி ப்ராஜெக்ட்டோட லிஸ்ட்டை இதுலேருந்து எடுத்து அதுக்குள்ள ஏத்திப் பாருங்க. எத்தனை வரி தகராறு பண்ணுதுன்னு எண்ணி வைங்க. 'உங்க ப்ராஜெக்ட் பத்திச் சொல்லுங்க'ன்னு இன்டர்வியூல கேட்கும்போது, அந்த வரிகளைப் பத்திப் பேசுங்க.