வளவில் நிற்பது எந்த அத்தி?

பால் வடிந்தால் அத்தி என்று சொல்லிவிடுவோர் உண்டு. எருக்கலையிலும் கள்ளியிலும் பால் வடிகிறது. அது கண்ணுக்கு மிகவும் ஆபத்தானது. எனவே கத்தியை எடுப்பதற்கு முன்னர் மரத்தை நிச்சயப்படுத்திக் கொள்வோம்.

முதலில் நுனிக்கொப்பைப் பாருங்கள். குருத்தை மூடியிருந்த உறை விழுந்த இடத்தில், கொப்பைச் சுற்றி மோதிரம் போட்டாற்போல ஒரு வடு இருக்கும். ஆலிலும் அரசிலும் இது உண்டு. பலாவிலும் ஈரப்பலாவிலும்கூடக் காணலாம். அவையும் இக்குடும்பத்தைச் சேர்ந்தவையே. ஆகவே காயையும் பார்க்க வேண்டும். அத்திக்காயின் நுனியில் சிறு துவாரம் இருக்கும். பிளந்தால் உள்ளே நுண்ணிய பூக்கள் நிறைந்திருக்கும். அத்தி பூப்பது அபூர்வம் என்கிறோம்; அது தவறாமல் பூக்கிறது, வெளியே தெரிவதில்லை, அவ்வளவுதான்.

இனி, எந்த அத்தி? அடிமரத்திலும் பெருங்கிளைகளிலும் குலைகுலையாகக் காய்த்து, பழுத்ததும் சிவப்பது எமது நாட்டு அத்தி. சொரசொரப்பான இலைகள் எதிரெதிராக அமைந்து, காயில் மயிர் படர்ந்திருந்தால் அது பேயத்தி. இலை விரித்த கையைப் போல மூன்று அல்லது ஐந்து பிரிவாகப் பிரிந்து, இலைக்கக்கத்தில் தனித்தனியாகக் காய்ப்பது சீமை அத்தி. விவிலியத்தில் நாம் அடிக்கடி வாசிக்கும் அத்திமரம் இதுவே. சக்கேயு ஏறியது வேறொரு வகை. அது நாட்டு அத்தியைப் போலக் கொத்தாகக் காய்ப்பது.

சீமை அத்தியின் பாலில்தான் நாம் கூடுதலாகக் கவனமாயிருக்க வேண்டும். இலையிலும் இளங்கொப்பிலும் உள்ள சோராலென் போன்ற பொருட்கள் தோலில் பட்டு, அதன்மேல் வெயிலும் பட்டால் தோல் வெந்துபோகும். உடனே ஒன்றும் தெரியாது. மறுநாள் சிவந்து, இரண்டு மூன்று நாட்களில் கொப்புளம் போடும். ஆறிய பின்னும் கறுத்த தழும்பு மாதக்கணக்கில் நிற்கலாம். பிள்ளைகளின் கையில் இதைக் கண்டு, யாரோ சுட்டுவிட்டார்கள் என்று அயலவர் சந்தேகிக்கவும் இடமுண்டு. ஆதலால் நடந்ததை விசாரிக்கும்போது, முதல் நாளோ அதற்கு முதல் நாளோ பிள்ளை எந்த மரத்தடியில் விளையாடியது என்றும் கேட்க வேண்டும்.

கொப்பு வெட்டுவதை வெயில் சாய்ந்த பின் வைத்துக்கொள்ளுங்கள். நீளக்கைச் சட்டையும் கையுறையும் அணிவது நல்லது. பலா வெட்டும்போது செய்வதுபோலத் தேங்காய் எண்ணெய் பூசினால் போதும் என்று பலர் நினைப்பார்கள். எண்ணெய் ஒட்டலை நீக்குமேயன்றி வெயிலின் தாக்கத்தைத் தடுக்காது. பால் பட்ட இடத்தைத் தாமதியாமல் சவர்க்காரம் போட்டு நன்றாகக் கழுவி, இரண்டு நாட்களுக்கு வெயில் படாமல் துணியால் மூடி வையுங்கள். கத்தியையும் உடுப்பையும் கழுவ மறக்க வேண்டாம்.

கடிக்கிறது என்று தேசிக்காய் தேய்ப்பது கூடவே கூடாது. தேசிக்காயிலும், விசேடமாக அதன் தோலில், இதே வகைப் பொருட்கள் உண்டு. வெயிலில் அதுவும் தோலைப் புண்ணாக்கும்.

கொப்புளத்தை உடைக்காதீர்கள். குளிர்ந்த நீரில் நனைத்த சுத்தமான துணியை வைத்தால் எரிவு தணியும். கண்ணில் பால் தெறித்தால் கசக்காமல், சுத்தமான நீரைக் குறைந்தது 15 நிமிடம் ஊற்றிக் கழுவி, உடனே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். கொப்புளம் பெரிதானாலும் அவ்வாறே. எந்த மரத்தின் பால், எப்போது பட்டது என்பதை வைத்தியரிடம் சொல்லுங்கள். ஓர் இலையையும் பையில் போட்டுக் கொண்டுபோங்கள்.