புல்வெளியில் கூடாரம்: இங்கிலாந்து விவசாயிகளுக்குக் கோடை வருமானம்

இங்கிலாந்தில் ஆடு மாடு மேயும் புல்வெளிகளில் கோடையில் கித்தான் கூடாரங்களும் எழுகின்றன. பட்டணத்து இரைச்சலில் களைத்தவர்கள் குடும்பத்தோடு வந்து, இரண்டு மூன்று இரவு நன்றாகத் தூங்கிச் செல்கிறார்கள். கட்டில், மெத்தை, கம்பளி, விறகு அடுப்பு எல்லாம் உள்ள இந்தக் கூடார வாசத்துக்கு 'கிளாம்பிங்' என்று பெயர்.

நிலப்பரப்பைக் கணக்கிட்டு அரசு தந்து வந்த மானியம் அங்கு 2021 முதல் குறையத் தொடங்கியது. செம்மறி ரோமம் விற்ற பணம் கத்தரிப்புக் கூலிக்கே கட்டாத ஆண்டுகளும் உண்டு. இந்நிலையில், 2023 ஜூலையில் விதி தளர்த்தப்பட்டது. கட்டட அனுமதி போன்ற தனி அனுமதி இல்லாமலே, ஆண்டுக்கு 60 நாள், 50 கூடாரம் வரை போடலாம். பழைய விதியில் 28 நாளே. கழிப்பறையும் குப்பை அகற்றும் ஏற்பாடும் கட்டாயம். உள்ளாட்சிக்கு ஆண்டுதோறும் முன்கூட்டியே எழுத்தில் தெரிவிக்க வேண்டும்.

உலர்புல் அறுத்து முடித்த வயல் இதற்குத் தோதானது. கூடாரத்தைப் பிரித்ததும் நிலம் மறுபடி மேய்ச்சலுக்கு வந்துவிடும். கட்டடம் கட்டினால் அது நடக்குமா?

ஆனால் சாணத்தில் ஆபத்து உண்டு. 2009இல் சர்ரே மாவட்டத்தில் பார்வையாளர் வந்த ஒரு பண்ணையில், கால்நடைச் சாணத்திலுள்ள ஈ.கோலை கிருமியால் 93 பேர் நோயுற்றனர், பெரும்பாலும் குழந்தைகள். எனவே கூடாரம் அடிக்க மூன்று வாரம் முன்பே மேய்ச்சலை நிறுத்தி, கண்ணில் படும் சாணத்தை அள்ளிவிட வேண்டும். தொழுவ வாசலில் கை கழுவ ஓடும் தண்ணீரும் சோப்பும் வைக்க வேண்டும்.