தூரில் முளைத்தால் நோய், டப்பாவில் வந்தால் மருந்தா?

அம்பாசமுத்திரம், கடையம் பக்கத்துத் தென்னை விவசாயிகளுக்கு கேனோடெர்மா புதுப் பெயரல்ல. அடிமரத்தில் செம்பழுப்பாக நீர் வடியும். மட்டைகள் துவண்டு தொங்கும். தூரில் பளபளவென்று காளான் முளைத்துவிட்டால் அந்த மரம் தேறாது. 1952 புயலுக்குப் பின் தஞ்சைத் தோப்புகளில் கண்டதால் ‘தஞ்சாவூர் வாடல்’ என்றே பெயர். வேப்பம் பிண்ணாக்கு, போர்டோ கலவை என்று அதனுடன் மல்லுக்கட்டுகிற தாமிரபரணிக் கரைக்கு, அதே காளான் கேப்ஸ்யூலாகவும் காப்பித்தூளாகவும் வருகிறது. வேளாண் பாடங்கள் நோய்க்குக் காரணமாகச் சொல்லும் ‘கேனோடெர்மா லூசிடம்’தான் டப்பாவிலும் அச்சாகியிருக்கிறது.

தென்னையைக் கொல்வதாலேயே அது மனிதருக்கு விஷம் ஆகிவிடாது. சீனாவில் லிங்ஜி, ஜப்பானில் ரெய்ஷி என்று பல நூற்றாண்டுகளாகப் பயன்பட்டு வருவதுதான். ஆனால் சொல்லப்படும் மகிமைக்கும் கையிலுள்ள சான்றுக்கும் வெகுதூரம். புற்றுநோய் பற்றிய காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு 5 சோதனைகளை, 373 நோயாளிகளை அலசியது. கீமோதெரபியோடு துணையாகக் கொடுத்தால் ஓரளவு பலன் இருக்கலாம். முதல் சிகிச்சையாக நம்ப ஆதாரம் போதாது என்றது. சர்க்கரை நோயாளிகளின் இதய ஆபத்து பற்றி 2015-இல் வந்த தொகுப்பும் கைகொடுக்கவில்லை. 398 பேரை வைத்துப் பார்த்ததில், இந்தக் காளானைப் பரிந்துரைக்க ஆதாரம் கிடைக்கவில்லை. சாப்பிடுவோர் சிலர் நன்றாகத் தூக்கம் வருகிறது, அலுப்பு குறைகிறது என்கிறார்கள். இருக்கட்டும்.

என் கவலை வேறு. இதை விற்பவர் கடைக்காரர் அல்ல, சொந்தக்காரர். “மைனி, ஒரு மாசம் சாப்பிட்டுப் பாருங்க, சுகர் மாத்திரையையே விட்டுரலாம்” என்று கொழுந்தன் சொன்னால் மறுத்துப் பேச வாய் வருமா? அகத்தியர் மலையடிவாரத்தில் ‘மூலிகை’ என்ற சொல்லுக்குத் தனி மவுசு வேறு. மாத்திரையை நிறுத்திய பிறகு சர்க்கரை ஏறினால், ‘உடம்பிலுள்ள கழிவு வெளியேறுது’ என்று அதற்கும் ஒரு விளக்கம் தயாராக இருக்கும்.

மாத்திரையை விடாமல் இதையும் சேர்த்துச் சாப்பிடுவோருக்கு வேறொரு ஆபத்து. ரத்தம் உறைவதை இந்தக் காளான் தாமதப்படுத்தக்கூடும். ஸ்டென்ட் வைத்துக்கொண்டு ஆஸ்பிரின், குளோபிடோக்ரல் சாப்பிடுகிறவர், வால்வு மாற்றி வார்ஃபரின் எடுக்கிறவர், ஆபரேஷனுக்குத் தேதி குறித்தவர் ஆகியோர் முக்கியமாகக் கவனிக்க வேண்டும். சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளோடு சேர்ந்தால் இரண்டும் அளவுக்கு மீறி இறங்கவும் வாய்ப்புண்டு. குமட்டல், வாய் வறட்சி போன்றவை சிறு தொந்தரவுகள். ஈரல் பாதிப்பு அப்படியல்ல: இதன் பொடியைச் சாப்பிட்டவர் ஈரல் செயலிழந்து இறந்ததாக 2007-இல் தாய்லாந்து மருத்துவ இதழ் ஒன்றில் பதிவாகியிருக்கிறது. அபூர்வம்தான். ஆனால் பாதிக்கப்படப்போவது யார் என்று முன்கூட்டித் தெரியாது.

சட்டம் இல்லாமல் இல்லை. இத்தகைய ஊட்டப் பொருள்களின் லேபிளில் ‘மருந்தாகப் பயன்படுத்துவதற்கு அல்ல’ என்று அச்சிட வேண்டும் என்பது 2016 விதி. சர்க்கரை நோய், புற்றுநோய் போன்றவற்றைக் குணமாக்கும் என்று விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டுச் சட்டமே தடுக்கிறது. வாய்வழி அறிவிப்பும் அதில் அடங்கும். ஆனால் நடுவீட்டில் காப்பி குடித்தபடி சொல்வதை எந்த அதிகாரி வந்து கேட்கப் போகிறார்?

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள், அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது மருந்துச் சீட்டோடு அந்த டப்பாவையும் எடுத்துச் செல்லுங்கள். அவர் சொல்லாமல் ஒரு மாத்திரையையும் நிறுத்தாதீர்கள்.