மூர்களின் கோட்டை

போர்த்துக்கல் நாட்டின் தலைநகர் லிஸ்பனுக்கு மேற்கே, அத்திலாந்திக் சமுத்திரத்தைப் பார்த்தபடி சின்த்ரா மலைகள் அமைந்துள்ளன. அவற்றின் உச்சி ஒன்றில், சுமார் 400 மீற்றர் உயரத்தில், பழைய கற்கோட்டை ஒன்றின் மதில்கள் பாறைகளோடு பாறையாக வளைந்து செல்கின்றன. அந்நாட்டவர் அதை ‘மூர்களின் கோட்டை’ என்கிறார்கள். ‘மூர்’ என்ற சொல் நமக்கும் புதிதல்ல. நமது பிறப்பு அத்தாட்சிப் பத்திரங்களில் ‘இலங்கைச் சோனகர்’ என்றுள்ள இனப்பெயர் ஆங்கிலத்தில் ‘மூர்’ என்றே எழுதப்படுகிறது. எங்கோ இருக்கும் ஒரு கோட்டைக்கும் நமக்கும் ஒரே பெயர் எப்படி வந்தது?

கி.பி. 711இல் தாரிக் பின் ஸியாத் தலைமையிலான படை ஸ்பெயின் கரையில் இறங்கியது. சில ஆண்டுகளுக்குள் இன்றைய ஸ்பெயின், போர்த்துக்கல் நாடுகளின் பெரும்பகுதி முஸ்லிம்களின் ஆட்சிக்கு உட்பட்டது. அந்தலூஸ் எனப்பட்ட அந்த நாட்டின் மேற்கு ஓரத்தைக் காக்க எழுந்ததே சின்த்ராக் கோட்டை. அதன் கோபுரத்தில் நின்றால் கடலும், கரையோரச் சமவெளியும் கண்ணுக்குத் தெரியும். எதிரிகள் வருவதை முன்கூட்டியே அறிய இதைவிடச் சிறந்த இடம் கிடைக்காது. இயற்கையான பெரும் பாறைகளையே மதிலின் பகுதியாக்கிக் கட்டியிருக்கிறார்கள். முற்றுகைக் காலத்தில் தண்ணீர் தட்டுப்படாதிருக்க, மழைநீரைச் சேர்க்கும் கற்தொட்டி ஒன்றும் உள்ளே உண்டு.

கோட்டை என்றதும் வாளும் குதிரையும்தான் நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் தொல்லியலாளர்கள் அங்கே தோண்டியபோது வீடுகளின் அத்திவாரங்களும், பாறையில் குடையப்பட்ட குழிகளும் வெளிப்பட்டன. அவை தானியமும் பருப்பு வகைகளும் சேமித்த குழிகள். காற்றும் ஈரமும் புகாமல் வாயை மூடிவிட்டால் தானியம் நெடுநாள் கெடாதிருக்கும். அப்படியானால் அங்கே போர்வீரர் மட்டும் இருக்கவில்லை. விதைத்து, அறுத்து, அடுத்த பருவத்துக்கென எடுத்துவைத்த குடும்பங்களும் வாழ்ந்திருக்கின்றன.

1147ஆம் ஆண்டு அபொன்சோ மன்னர், சிலுவைப் போர்வீரர்களின் துணையோடு லிஸ்பனைக் கைப்பற்றினார். அதன்பின் சின்த்ராக் கோட்டை போரின்றிச் சரணடைந்தது. 1154இல் அங்கே 30 பேர் குடியேற்றப்பட்டனர். தேவாலயம் ஒன்றும் எழுந்தது. காலப்போக்கில் மக்கள் மலையடிவாரத்துக்கு இறங்கிவிட, கோட்டை பாழடைந்தது. 1755ஆம் ஆண்டின் பெரும் பூமியதிர்ச்சியும் அதைச் சிதைத்தது. 19ஆம் நூற்றாண்டில் இரண்டாம் பெர்னாந்து மன்னர் அதைத் திருத்தி அமைத்தார். இன்று நாம் படங்களில் காணும் மதில்களில் அவர் காலத்து வேலையும் கலந்திருக்கிறது. அந்த வேலையின்போது மனித எலும்புகள் வெளிப்பட்டன. அவை முஸ்லிம்களுடையவையா, கிறிஸ்தவர்களுடையவையா என்று பிரித்தறிய முடியவில்லை. எல்லாவற்றையும் ஒரே கல்லறையில் அடக்கி, அதன் மேல் சிலுவையையும் பிறையையும் சேர்த்தே செதுக்கச் செய்தார்கள்.

இனிப் பெயருக்கு வருவோம். வடமேற்கு ஆபிரிக்காவின் மக்களை உரோமர் ‘மவுரி’ என்று அழைத்தனர். அதிலிருந்து வந்த சொல்லைப் போர்த்துக்கேயர் முஸ்லிம்கள் எல்லோருக்கும் பொதுவாக்கிவிட்டனர். அந்தலூஸில் வாழ்ந்த முஸ்லிம்களோ அரபிகள், பெர்பர்கள், இஸ்லாத்தை ஏற்ற உள்ளூர் மக்கள் எனப் பலதரப்பட்டவர்கள். 1496இல் மனுவேல் மன்னர் முஸ்லிம்களையும் யூதர்களையும் நாட்டை விட்டு வெளியேறுமாறு கட்டளையிட்டார். அதே மன்னரின் ஆட்சியில்தான், 1505இல், போர்த்துக்கேயர் இலங்கைக்கு வந்தனர். இங்கே கண்ட முஸ்லிம் வணிகருக்கும் தாம் அறிந்த அதே பெயரையே சூட்டினர். 1626இல் தமது ஆட்சிப் பகுதிகளிலிருந்து அவர்களை வெளியேற்றியபோது, கண்டி மன்னன் செனரத் அடைக்கலம் கொடுத்துக் கிழக்கிலே குடியமர்த்தினான். போர்த்துக்கேயர் போய்விட்டனர், அவர்கள் வைத்த பெயர் தங்கிவிட்டது.

பிறர் தரும் பெயர், அவர்கள் நம்மை எப்படிப் பார்த்தார்கள் என்பதைக் காட்டும். நாம் எப்படி வாழ்ந்தோம் என்பதை அது காட்டாது. சின்த்ராவில் அதைக் காட்டியவை தானியக் குழிகளே. நம் ஊர்களிலும் அப்படிப்பட்ட சாட்சிகள் இருக்கின்றன: பழைய மீஸான் கற்கள், பள்ளிவாசல் ஹவுழ்கள், வீட்டுக் கிணறுகள், உம்மம்மாமாரின் பெட்டகங்கள். பள்ளிவாசலையோ வீட்டையோ புதுப்பிக்கும்போது இவை எளிதில் உடைத்து அகற்றப்பட்டுவிடுகின்றன. உடைப்பதற்கு முன் ஒரு படம் எடுத்து, அதில் எழுதியிருப்பதைப் படியெடுத்து, வயதானவர்களிடம் கேட்டு நாலு வரி எழுதிவைப்பது பெரிய வேலையல்ல. மாணவிகளாகிய நாம் தொடங்கலாம். பெற்றோர் துணை நிற்கலாம்.